செல்வமணி ஜீப்பை உயர்த்திய கதை

செல்வமணியிடம் ஜீப்பைப் பற்றி மட்டும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. மனைவி ஜெமிமாவின் பிறந்த நாள் அவருக்கு வருஷா வருஷம் மறந்துபோகும். ஜீப்பை ஏலத்தில் எடுத்த தேதி, கிழமை, அன்றைக்குக் காலையில் தூறல் போட்டது, எல்லாம் வரிசையாகச் சொல்வார். ஏதோ ஒரு அரசாங்க இலாகா ஓட்டித் தேய்த்துக் கழித்துப்போட்ட வண்டி அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பதைத் தவிர அதில் பெருமைப்பட அன்றைக்கு ஒன்றும் இல்லை. பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டி இடுப்பு கழன்றுபோன மனிதர், இனி உள்ளூரிலேயே பிழைப்பது என்று முடிவெடுத்து அதை வாங்கினார். இப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ஜீப்புக்கு எத்தனை என்று அந்த இலாகாவைத்தான் கேட்க வேண்டும்.

ஊர் வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஒன்பது பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் நாரணாபுரம் பக்கமுள்ள பட்டாசுக் கம்பெனி ஒன்றில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். இடையில் யாராவது உர மூட்டையோ விதை மூட்டையோ ஏற்றச் சொன்னால் ஏற்றுவார். அவ்வளவுதான் பிழைப்பு.

இந்தப் பிழைப்பையும் பிடித்துக் கொடுத்தது பொன்னுத்தங்கம். கம்பெனியில் சரம் பின்னுகிறவள். ஒற்றை வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து மாலையாகக் கட்டும் வேலை. அப்போதெல்லாம் அந்தப் பெண்கள் மினி பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். சாயங்காலம் கையிலும் கழுத்திலும் மருந்துத்தூள் மினுங்க ஏறினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். தள்ளி நில் என்று கண்டக்டரே சொல்வார். செல்வமணி ஜீப்பை வாங்கிவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, சவாரிக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் மூன்று நாளாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வழியாகப் போன பொன்னுத்தங்கம், நாளைக்கு எட்டுப் பேரைக் கூட்டி வருகிறேன், கண்மாய்க்கரையில் வண்டியைப் போடு என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு வீடாகப் போய்ப் பேசியது அவள்தான். மறுநாள் முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் உட்கார்ந்ததும் அவள்தான். பதினோரு வருஷமாக அந்த இடம் அவளுடையது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனிக்குள் நுழைகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் மின்சாரம் ஏதாவது தங்கியிருந்தால் இறங்கிவிடும் என்பதற்காக அப்படி ஒரு விதி. பொன்னுத்தங்கம் ஜீப்பில் ஏறும்போதும் கதவோரத்து இரும்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, ஒரு கணம் நின்று, பிறகுதான் ஏறுவாள். தகட்டைத் தொட்டுத் தொட்டுக் கைக்கு வந்த பழக்கம் என்று செல்வமணி நினைத்துக்கொண்டார். அதைச் சொல்லி அவளைக் கேலியும் செய்திருக்கிறார். அவள் மறுத்துப் பேசியதில்லை.

போன வருஷ மழைக்கு ஊர்ப் பாதை குழம்பாகிவிட்டது. கரிசல் மண் நனைந்தால் யாருக்கும் வழிவிடாது. ஜீப்பின் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. சக்கரம் நாலும் இருந்த இடத்திலேயே சுற்றின. ஒன்பது பெண்களும் முழங்கால் வரை சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். கம்பெனி கேட்டைச் சாத்திய பிறகு போனால் உள்ளே விட மாட்டார்கள். நாலு நாள் அப்படிப் போய்த் திரும்பி வந்தார்கள். யாரும் செல்வமணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் வண்டியைத் தூக்கிவிடுகிறேன், உங்களுக்காகத்தான் செய்கிறேன் என்று அவராகவே வாக்குக் கொடுத்தார். சொன்னபோது அது உண்மைதான்.

வண்டியைத் தூக்குவது என்றால் ஜாக்கி வைத்துத் தூக்குவது இல்லை. அடியிலிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றியமைத்து, வண்டியின் உடம்பையே நிரந்தரமாக மேலே ஏற்றி உட்காரவைப்பது. மேலே ஏறினால் அடிவயிறு சேற்றில் தட்டாது. இதற்கு எத்தனை இஞ்சு வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்காகச் செல்வமணி போனில் படம் பார்க்க ஆரம்பித்தார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். இவர் ஏதோ ஒரு நாட்டில் எவனோ பாறைமேல் வண்டியை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவன் பேசுவதில் பாதி புரியாது. பாறை புரியும். அந்தப் படங்கள் எதிலும் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிற பொம்பளை யாரும் ஏறவில்லை. அது அப்போது அவர் கண்ணில் படவும் இல்லை.

பார்க்கப் பார்க்க ரெண்டு இஞ்சு சின்னதாகத் தெரிந்தது. அந்தச் சமயம் பார்த்து மகேஷ்குமார் குறுக்கே வந்தான். சிவகாசியில் பெரிய அச்சகம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். கோடையில் அணை வற்றியதும் அவனும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்ந்த உயர்ந்த வண்டிகளைக் கொண்டுவந்து அணைக்குள் இறக்கி விளையாடுவார்கள். ஒரு தடவை அவன் வண்டி மணலில் புதைந்துபோய், செல்வமணியின் ஜீப்தான் கயிறு போட்டு இழுத்தது. இந்தப் பழைய வண்டிக்கு இம்புட்டு பலமா என்று அவன் ஆச்சரியப்பட்டான். ஒரு அஞ்சாறு இஞ்சு தூக்கினால் அணைக்குள் இதற்கு ஈடே கிடையாது, அடுத்த சீசனுக்கு எங்களோடு வாருங்கள் அண்ணே என்று தோளில் தட்டிச் சொன்னான். செல்வமணியைத் தோளில் தட்டி யாரும் எதற்கும் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. மனிதர் அதிலேயே குளிர்ந்துபோனார்.

ஆவணி பிறந்ததும் சிவகாசி–விருதுநகர் ரோட்டில் பட்டறை போட்டிருக்கும் சுடலையிடம் வண்டியைக் கொண்டுபோனார். சுடலை சின்ன வயசுக்காரன். ஆனால் வேலையில் அவசரப்பட மாட்டான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, ரெண்டு வழி இருக்கிறது என்றான். ஒன்று, இருக்கிற பட்டைகளோடு ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டு ரெண்டு இஞ்சு ஏற்றுவது. வண்டி தன் குணம் மாறாமல் இருக்கும். டயரை மட்டும் ஆழமான வெட்டு உள்ளதாக மாற்றிக்கொண்டால் கரிசல் சேற்றுக்கு அதுவே தாராளம். இன்னொன்று, பட்டை மொத்தத்தையும் புதிதாகப் போட்டு நாலு இஞ்சு ஏற்றுவது. பெரிய டயரும் மாட்டினால் தரையிலிருந்து ஆறு இஞ்சு கூடிவிடும். பார்க்க யானை மாதிரி நிற்கும். வளைவில் ஆடும், நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். ரெண்டையும் சொல்லிவிட்டுச் சுடலை கையைத் துடைத்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இதுல தினமும் ஏறி இறங்குறது யாரு?”

எதற்காகக் கேட்கிறான் என்று செல்வமணிக்கு உடனே விளங்கியது. ஒன்பது பேரும் மனசில் வந்தார்கள். முன்சீட்டுக்காரி முதலில் வந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வேலை செய்கிற உடம்பு. அவள் பெயரைச் சொன்னால் ரெண்டு இஞ்சோடு கதை முடிந்துவிடும். மகேஷ்குமாரின் கை இன்னும் தோளில் இருப்பதுபோல இருந்தது.

“யாரு இருக்கா? நானும் வயசுப் பிள்ளைக ரெண்டு மூணு பேரும்தான். ஞாயித்துக்கிழமை அணைக்குள்ள இறக்குவோம்.”

சுடலை நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அப்படியென்றால் நாலே போடலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். செல்வமணிக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பெண்களுக்கும் சேர்த்துத்தானே செய்கிறோம், சேற்றில் மாட்டாதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டீ வாங்கிக் குடித்ததும் அந்த உறுத்தலும் போய்விட்டது.

நாலு நாள் கழித்து வேலை முடிந்து ஜீப் வந்தது. கண்மாய்க்கரையில் அது நின்ற நிற்பைப் பார்த்துப் பெண்கள் வாய்பிளந்தார்கள். செல்வமணி ஒரு காலைத் தூக்கி டயர்மேல் வைத்துக்கொண்டு நின்றார். இளவட்டமான சுகிர்தா பின்னால் தாவி ஏறிவிட்டு, மாமா, இங்கேயிருந்து பார்த்தால் அணையே தெரிகிறது என்றாள். மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி இழுத்தும் தள்ளியும் எப்படியோ ஏறினார்கள். கடைசியில் முன்பக்கம் பொன்னுத்தங்கம் நின்றாள்.

கதவோரத்து இரும்பில் உள்ளங்கையை வைத்தாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். சுகிர்தா கீழே இறங்கி வந்து பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ள, செல்வமணி உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, சேலை விலகி முழங்கால் வரைக்கும் தெரிய அவள் சீட்டில் விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மாடி வீட்டுக்குக் குடிபோகிற மாதிரி இருக்கிறதல்லவா அக்கா என்று சொல்லி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது செல்வமணி. பொன்னுத்தங்கமும் சிரித்தாள். பிறகு மெயின் ரோடு வரும் வரைக்கும் சேலையைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் அவள் ஒரு கையில் தூக்குவாளியும் இன்னொரு கையில் நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூலுமாக வந்தாள். ஏதோ கூட்டத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. ஸ்டூலைக் கீழே போட்டு, அதில் ஏறி, அங்கிருந்து ஜீப்பில் ஏறினாள். சுகிர்தா ஸ்டூலை எடுத்து உள்ளே கொடுத்தாள். கம்பெனி வாசலில் அதைக் கீழே வைத்து இறங்கினாள். யாருக்கும் தொந்தரவில்லை, யாரும் தள்ள வேண்டாம், சேலையும் விலகாது. ஒரு வாரம் அப்படி ஓடியது. அவள் ஒரு நாளும் வண்டியைக் குறை சொல்லவில்லை.

குறை சொன்னது மற்ற வேன் டிரைவர்கள். கம்பெனி வாசலில் வரிசையாக நிற்கும் வேன்களில் சாய்ந்துகொண்டு, செல்வமணி மேடை போட்டு இறக்குகிறான் பார், அடுத்து மைக்கும் மாலையும் வரும் என்று கேலி பேசினார்கள். சும்மா பொழுதுபோகப் பேசுகிற பேச்சு. ஆனால் செல்வமணிக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றுதானே தூக்கினார்? அந்த நீல ஸ்டூல் அதைக் கெடுத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் அதைச் சொல்லியும்விட்டார்.

“அக்கா, நாளையிலருந்து அந்த ஸ்டூல் வேண்டாமே. பாக்கிறவுக என்ன நினைப்பாக? ஏதோ ஏற முடியாத வண்டி மாதிரில்ல தெரியுது.”

பொன்னுத்தங்கம் சரி தம்பி என்றாள். மறுநாள் ஸ்டூல் இல்லாமல் வந்தாள். பழையபடி சுகிர்தா தள்ளினாள். இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் தரையைத் துழாவுவாள். செல்வமணி முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் துழாவுவதைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று ஒரு வாரத்தில் பழகிவிட்டார்.

அணைக்குள் இன்னும் தண்ணீர் வரவில்லை. புரட்டாசி முதல் ஞாயிறு மகேஷ்குமார் போன் பண்ணினான். செல்வமணி கோவிலுக்கு வரவில்லை என்று ஜெமிமாவிடம் சொல்லிவிட்டு அணைக்குப் போனார். ஜெமிமா சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள். அணைக்குள் செல்வமணிக்குக் கிடைத்த வேலை, மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து விடுவது. நாலு வண்டியை இழுத்தார். பையன்கள் அவருடைய ஜீப்பைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவரும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். அண்ணே, வண்டியை மட்டும் எடுத்துக்கிடுதோம், கொஞ்சம் தள்ளிக்கோங்க என்றான் மகேஷ்குமார். மரியாதையாகத்தான் சொன்னான். செல்வமணி தள்ளிக்கொண்டார். மினி பஸ்ஸில் தள்ளி நில் என்று கேட்டுப் பழகியவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை சாயங்காலம் பொன்னுத்தங்கம் விழுந்தாள்.

தீபாவளிக்கு அஞ்சு வாரம் இருந்தது. கம்பெனியில் சீசன் உச்சத்தில் இருந்தது. சரம் பின்னுகிறவர்களுக்குக் கை ஓய்வதற்கு நேரமில்லை. வருஷத்தில் இந்த ஒன்றரை மாதம்தான் அவர்கள் நம்பியிருப்பது. இந்தக் காலத்தில் விடாமல் வேலைக்கு வந்தால்தான் போனஸும் முழுசாகக் கிடைக்கும். அன்றைக்கு எல்லாரும் அலுத்துப்போய்க் கண்மாய்க்கரையில் இறங்கினார்கள். பொன்னுத்தங்கம் வழக்கம்போலத் திரும்பி நின்று காலால் துழாவினாள். செல்வமணி வழக்கம்போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவிரும்பிலிருந்து அவள் கை நழுவுவது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. பிறகு பெண்கள் கத்தினார்கள்.

மல்லாக்க விழுந்து வலதுகையை ஊன்றியிருந்தாள். ஓடிவந்தவர்களைப் பார்த்து, ஒண்ணுமில்ல, சேலை தடுக்கிருச்சு என்றுதான் முதலில் சொன்னாள். கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளைத் திரும்பவும் அதே ஜீப்பில் தூக்கி ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டது. தூக்கும்போதுதான் அவளுக்கு வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. செல்வமணி அன்றைக்குப் போல வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது அந்த உயரத்திலிருந்து ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். அவள் வாய்விட்டுக் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஜெமிமாதான் இருந்தாள். மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரத்துக்குக் கட்டு என்றார் டாக்டர். அஞ்சு வாரத்தில் தீபாவளி. எப்படி விழுந்தீர்கள் என்று ஜெமிமா கேட்டதற்கும் சேலை தடுக்கிவிட்டது என்றே பொன்னுத்தங்கம் சொன்னாள். ஜெமிமா ஜன்னல் வழியாக, வெளியே நிற்கும் ஜீப்பைப் பார்த்தாள். மறுநாள் காலையில் வீட்டில் தோசையைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

“சேலை தடுக்கினா முன்னாலதான் விழுவாக. இவுக பின்னால விழுந்திருக்காக. அவுக சொல்றதை நான் எழுதிக்கிட்டேன். உங்க மனசுக்குத் தெரியுமில்ல?”

செல்வமணி தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். ஸ்டூல் விஷயத்தைச் சொன்னார். சுடலையிடம் சொன்ன பொய்யையும் சொன்னார். பாதிக்குமேல் அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. ஜெமிமா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். வர்ற செவ்வாய்க்கிழமை பொன்னக்காவைக் கட்டுப் பார்க்கக் கூட்டி வர வேண்டும் என்று மட்டும் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

அந்த ஒரு வாரமும் காலையில் கண்மாய்க்கரையில் எட்டுப் பேர்தான் ஏறினார்கள். முன்சீட்டில் உட்காரச் சொல்லிச் சுகிர்தாவைக் கேட்டார். அது பெரியம்மா இடம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டாள். காலியான சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவது பெரிய தண்டனையாக இருந்தது. கம்பெனி வாசலில் வேன் டிரைவர்கள் மேடை எங்கே என்று கேட்டார்கள். கீழே விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பொன்னுத்தங்கத்தின் வீட்டுக்குப் போய் அந்த நீல ஸ்டூலை அவரே கேட்டு வாங்கினார். அவள் வேண்டாம் தம்பி, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அவள் உண்மையாகவே மனசில் வைத்திருந்தாள். ஸ்டூலைக் கீழே போட்டு, கையைப் பிடித்து, மெதுவாக ஏற்றினார். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்று நினைக்கிற தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை. கூச்சத்தோடுதான் செய்தார்.

கட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சுடலையின் பட்டறைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். வண்டியை இறக்கச் சொல்ல வேண்டும். பொன்னுத்தங்கம் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள், தான் மட்டும் இறங்கிப்போய்க் காதோடு காதாகப் பேசிவிட்டு வந்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் சுடலை ஜீப் சத்தம் கேட்டதுமே எழுந்து நேராக முன்பக்கம் வந்துவிட்டான். சீட்டில் மாவுக்கட்டோடு இருப்பவளைப் பார்த்தான். மடியில் இருந்த ஸ்டூலைப் பார்த்தான்.

“இந்த அம்மா யாரு அண்ணாச்சி? வயசுப் பிள்ளைகதான் ஏறும்னு சொன்னீகளே?”

செல்வமணிக்கு உள்ளங்கால் கூசியது. பொன்னுத்தங்கம் சுடலையைப் பார்த்தாள், செல்வமணியைப் பார்த்தாள். விஷயம் இன்னதென்று அந்த ஒரு பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அவரு பொய் சொல்லலய்யா. நான் இன்னைக்குத்தான் இதுல ஏறுனேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டேன், ஏத்திட்டு வந்தாரு.”

பதினோரு வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்தவள் அதை ஒரு மூச்சில் இல்லையென்று ஆக்கினாள், இவருடைய முகத்தைக் காப்பாற்ற. அதில் கொடுமை என்னவென்றால், அதைக் கேட்டதும் செல்வமணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனாலும் வண்டியை இறக்க வேண்டும் என்று மட்டும் சுடலையிடம் முணுமுணுத்தார்.

சுடலைக்கு வேலைதான் முக்கியம். எம்புட்டு இறக்க வேண்டும் என்று கேட்டான். பிறகு முன்சீட்டுப் பக்கம் திரும்பி, அம்மா, இறங்கி வாங்க, உங்களால எம்புட்டு உசரம் ஏற முடியும்னு பாத்துருவோம் என்றான். பட்டறையிலிருந்து மரக்கட்டைகளைக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். ரெண்டு கட்டையில் பொன்னுத்தங்கம் சாதாரணமாக ஏறி இறங்கினாள். மூன்றாவது கட்டையில் முழங்காலில் கை ஊன்றி ஏறினாள். நாலாவது கட்டையை வைத்தபோது நின்றாள். நல்ல கையை நீட்டி ஜீப்பின் இரும்பில் உள்ளங்கையை அழுத்தினாள். கண்ணை மூடினாள். ஒரு மூச்சை உள்ளே இழுத்து, பல்லைக் கடித்து, காலைத் தூக்கினாள். பிறகு முடியவில்லை என்று காலைக் கீழே வைத்துவிட்டாள்.

செல்வமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். செம்புத் தகட்டுப் பழக்கம் என்று அவர் கேலி செய்த கை. அது பழக்கம் இல்லை. அடுத்த காலை எடுத்துவைக்க உடம்பில் இருக்கும் தெம்பையெல்லாம் அவள் சேர்த்துக்கொண்ட நேரம் அது. பதினோரு வருஷமாக, தினமும் ரெண்டு வேளை.

சுடலை டேப்பைப் பிடித்து மூன்று கட்டையை அளந்தான். இன்னொரு தடவை அளந்தான்.

“பதினஞ்சு இஞ்சுதான் வருது. வண்டி வரும்போதே இருபத்திரண்டு இஞ்சுல்ல. நான் போட்டதை மொத்தமாக் கழட்டினாலும் இவுகளால சிரமப்படாம ஏற முடியாதே அண்ணாச்சி.”

ஒரு லோடு லாரி ரோட்டில் கடந்து போனது. அது போய் முடிகிற வரைக்கும் செல்வமணி காத்திருந்தார். அதற்குமேல் காத்திருக்க ஒரு சாக்கும் இல்லை.

“சுடலை, அவுக சொன்னது பொய். நான் அன்னைக்குச் சொன்னதும் பொய். இவுக பதினோரு வருஷமா இந்த வண்டிலதான் வேலைக்குப் போறாக. நீ போட்ட உசரத்துல இருந்துதான் விழுந்தாக. ஸ்டூலைக் கொண்டாராதீகன்னு நான்தான் சொன்னேன்.”

சுடலை டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். பொன்னுத்தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் கூச்சமாக இருந்தது. நான்தான் சமாளித்துவிட்டேனே, இதை எதற்குச் சொல்ல வேண்டும் என்பதுபோல அவள் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் சுடலை தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, இப்போது என்ன செய்யட்டும் என்று செல்வமணியைக் கேட்டான். அவுககிட்டக் கேளு என்றார் செல்வமணி. சுடலை அவள் பக்கம் திரும்பினான்.

பொன்னுத்தங்கம் ஜீப்பின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தாள். போன மழைக்குச் சேறு தட்டிய இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும், தள்ளியவளாயிற்றே.

“ரொம்ப இறக்கிறாதய்யா. மழைக்கு மறுபடியும் மாட்டிக்கிட்டா பிள்ளைக வேலை கெட்டுப்போகும். ஒரு ரெண்டு இஞ்சு இருக்கட்டும். இங்கன ஒரு படி மட்டும் வச்சுக் கொடு. எல்லாருமே சிரமப்பட்டுத்தான் ஏறுறாக.”

சுடலை தலையை ஆட்டினான். அதைத்தான் நானும் செய்திருப்பேன் என்றான். படி வைக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். ஆறு மாதம் படம் பார்த்துச் செல்வமணி தேடியது அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் ஸ்டூலை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்தார். ஆடாமல் இருக்க ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பொன்னுத்தங்கம் அவர் தோளில் கை ஊன்றி ஏறினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல தம்பி” என்றாள்.

கோபமே இல்லாமல் சொன்னாள். செல்வமணி எழுந்து, ஸ்டூலில் ஒட்டியிருந்த மண்ணைக் கையாலேயே துடைத்து உள்ளே வைத்தார்.